ஆழம் தெரிந்து காலை விடுங்கள்!

மலை ஏறுவதில் ஒரு வசதி உண்டு. மூச்சு வாங்குகிறதா, பாதி வழியில் உட்கார்ந்து யோசித்து, அப்படியே இறங்கி வந்துவிடலாம். பள்ளத்தில் இறங்குவது இதற்கு நேர் எதிர். இறங்கும்போது உடம்பு ஒரு புகாரும் சொல்லாது. பேச்சும் சிரிப்புமாக அடிவாரம் வந்துவிடும். திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரியும், தலைக்கு மேலே ஒரு மலையே நிற்கிறது. அதை ஏறினால்தான் வீடு போய்ச் சேர முடியும்.

மகாராஷ்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்தில் உள்ள லோனார் அப்படிப்பட்ட இடம். விண்கல் மோதி உண்டான பள்ளம். விளிம்புக்கு விளிம்பு சுமார் 1.8 கி.மீ. அகலம். உள்ளே 1.2 கி.மீ. அகலத்தில் ஓர் உப்பு ஏரி. விளிம்பிலிருந்து ஏரிக்கரைக்கு இறக்கம் சுமார் 137 மீட்டர், அதாவது 450 அடி. பழனி மலையும் தரையிலிருந்து ஏறத்தாழ 450 அடி உயரம்தான். ஆக, லோனார் என்பது கவிழ்த்து வைத்த பழனி. பழனியில் ஏறிப்போய் தரிசனம் முடித்துவிட்டு இறங்குவோம். இங்கே முதலில் இறக்கம், பிறகு தரிசனம், களைத்த பிறகு ஏற்றம். தரிசனம் என்பதும் பேச்சுக்குச் சொன்னது இல்லை. ஏரிக்கரையில் கமலஜா தேவிக்குப் பழமையான கோயில் ஒன்று இருக்கிறது.

ஒரு குடும்பம், ஒரு மாடிப்படி

கோவையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 52 வயது. நாற்காலி வேலை. ரத்த அழுத்தத்துக்கு தினம் ஒரு மாத்திரை. அம்மாவுக்கு 46. மகள் பதினொன்றாம் வகுப்பு. கல்லும் மண்ணும் கண்டால் குனிந்து எடுத்துப் பார்க்கிற பெண். கூடவே 68 வயது அம்மாயி. ஜனவரியில், நிலவியல் தெரிந்த வழிகாட்டியோடு லோனாரில் இறங்கும் நடைப்பயணம் ஒன்றுக்கு நாலு பேரும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அறிவிப்பில் 'கடினமான நடை' என்று ஒரு வரி. "கடினமாம்! ஏரிக்குப் போயிட்டு வர்றதுல என்ன கடினம்?" என்று அப்பா சிரித்துவிட்டார்.

மகள் கணக்குப் போட்டாள். ஒரு மாடி 3 மீட்டர். 137 மீட்டருக்கு 45 மாடி. படி ஒன்று 15 செ.மீ. என்றால் 900 படிக்கு மேல். இவர்கள் குடியிருப்பதோ தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. அதை 15 தடவை ஏறி இறங்கினால் ஒரு லோனார்.

அன்று மாலையே பந்தயம். நாலாவது சுற்றில் அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவதில் தண்ணீர் கேட்டார். தினமும் விடிகாலையில் கோயில், காய்கறிக் கடை என்று நடக்கிற அம்மாயி ஆறாவது சுற்றை முடித்துவிட்டு, "போதும் கண்ணு, மீதி நாளைக்கு" என்று வந்து உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாக ஒரு வார்த்தை: "மாப்பிள்ளைங்க மூச்சு வாங்கற சத்தம் கீழ் வீடு வரைக்கும் கேக்குதுங்க."

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் பல வீடுகளில் நடக்கக்கூடிய கதை. யாருக்குத் தெம்பு இருக்கிறது என்பதை வயதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மாடிப்படி சொல்லிவிடும். பயணத்துக்கு முந்தின வாரம் அது தெரிந்து பயனில்லை. எட்டு வாரம் முன்பே தெரிய வேண்டும்.

அங்கே போய் எதைப் பார்ப்பது?

வெறும் ஏரியைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. லோனாரின் சுவாரஸ்யம் அதன் கற்களில் இருக்கிறது.

தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதி, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்த பசால்ட் என்னும் கரும்பாறை. எல்லோராவில் குடைந்த கல்லும் அதுதான். அந்தப் பாறையின் மேல் பின்னாளில் ஒரு விண்கல் வந்து மோதியது. எப்போது என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. ஒரு முறையில் கணக்கிட்டவர்கள் சுமார் 52,000 ஆண்டுகள் என்றார்கள். பிறகு, பாறையில் உள்ள ஆர்கான் வாயுவை அளந்தவர்கள் சுமார் 5,70,000 ஆண்டுகள் என்றார்கள். கல்லில் எழுதியிருக்கும் தேதியை வாசிப்பது அவ்வளவு சுலபம் இல்லை.

1823-ல் ஆங்கிலேய அதிகாரி சி.ஜே.இ. அலெக்சாண்டர் இந்தப் பள்ளத்தைப் பற்றிப் பதிவு செய்தார். சுற்றிலும் எரிமலைப் பாறை என்பதால், இதுவும் எரிமலை வாய்தான் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 1973-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை அதை மாற்றியது. பாறைக்குள் மஸ்கெலினைட் கிடைத்தது. பசால்ட்டில் உள்ள ஒரு கனிமம், கடும் அதிர்ச்சியில் அழுந்திக் கண்ணாடி போல மாறிய நிலை அது. எரிமலையின் சூட்டால் அப்படி ஓர் அழுத்தத்தைத் தர முடியாது. விண்கல் மோதலால் முடியும். பசால்ட் பாறையில் விண்கல் மோதிய பள்ளங்கள் பூமியில் மிகக் குறைவு. சந்திரனில் நமக்குக் கருமையாகத் தெரியும் பரப்புகளும் பசால்ட்தான். அதனால் சந்திரன், செவ்வாய் பற்றி ஆராய்கிறவர்களுக்கும் லோனார் ஒரு பாடசாலை.

மஸ்கெலினைட்டைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். வெறும் கண்ணுக்குத் தெரிகிறவையும் இருக்கின்றன. வழிகாட்டியிடம் இந்த மூன்றையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

ஒன்று, விளிம்பு. சுற்றியுள்ள நிலத்தைவிட விளிம்பு மேடாக இருக்கும். மோதலில் நிமிர்ந்த தரையும் வீசப்பட்ட கல்லும் சேர்ந்து கரை கட்டியது போல.

இரண்டு, அடுக்குகள். இந்த வட்டாரத்தில் பசால்ட் அடுக்குகள் தோசைகளை அடுக்கியது போலப் படுக்கையாகக் கிடப்பவை. பள்ளத்தின் விளிம்பில் மட்டும் அவை நிமிர்ந்து, வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

மூன்று, ஒட்டுப்பாறை. உடைந்து சிதறிய பல அளவுத் துண்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, கடலை மிட்டாய் மாதிரி இருக்கும் கல்.

இதையெல்லாம் நின்று, குனிந்து, தடவிப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டுமானால் உடம்பில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். முழங்கால் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு எந்தக் கல்லும் கல்தான். எட்டு வாரப் பயிற்சியே கண்ணுக்கும் காதுக்கும் ஓய்வு வாங்கித் தருவதற்காகத்தான்.

எட்டு வாரம், ஒரு மாடிப்படி

முதல் இரண்டு வாரம்: வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் சமதரையில் வேக நடை. அதில் மூன்று நாள், கூடவே மூன்று மாடி ஏறி இறங்குவது 3 சுற்று.

மூன்றாம், நான்காம் வாரம்: நடை 45 நிமிடம். மாடி 6 சுற்று.

ஐந்தாம், ஆறாம் வாரம்: மாடி 10 சுற்று. முதுகில் பை. அதற்குள் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர் பாட்டில். அன்றைக்குச் சுமக்கப்போகும் எடை அதுதான்.

ஏழாம் வாரம்: ஒரே ஒரு நாள் 15 சுற்று, இடையில் நன்றாக உட்கார்ந்து எழுந்து. அருகில் மலைக்கோயில் இருப்பவர்கள் அங்கேயே ஒருமுறை போய் வரலாம்.

எட்டாம் வாரம்: பாதியாகக் குறைத்துவிட வேண்டும். களைத்த காலோடு ரயில் ஏறக் கூடாது.

வேகத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு. ஏறும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்தால், குறைக்க வேண்டும்.

மேலே ஏறுவதற்கு மட்டும் பயிற்சி எடுத்துவிட்டு, இறங்கும்போது லிஃப்டைப் பிடிப்பவர்கள் உண்டு. லோனாருக்கு அது உதவாது. ஏற்றம் இதயத்தையும் நுரையீரலையும் சோதிக்கும். இறக்கம் முன்தொடைத் தசையையும் முழங்காலையும் சோதிக்கும். பழக்கம் இல்லாத இறக்கத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தால், ஏற்றம் தொடங்கும் முன்பே பாதிப் பலம் போய்விடும். ஆகவே படியில் இறங்குவதும் பயிற்சியின் பாதி. குதித்து இறங்காமல், முழங்காலைச் சற்று மடக்கி, சிறு சிறு அடியாக இறங்கிப் பழக வேண்டும்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை

ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, ஆஸ்துமா, மூட்டுவலி இருப்பவர்களும், நாற்பதைத் தாண்டி நெடுநாள் உடற்பயிற்சி இல்லாதவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. "450 அடி இறங்கி ஏறப்போகிறேன், வெயில் இருக்கும்" என்று விவரமாகச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் உடம்பில் நீரைக் குறைக்கும். அன்றைக்கு எப்படி எடுப்பது என்பதை அவரே சொல்வார். தானாக நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். குளுக்கோஸோ மிட்டாயோ கைக்கெட்டும் பாக்கெட்டில் இருக்க வேண்டும், பையின் அடியில் இல்லை.

பயிற்சியின்போது நெஞ்சில் வலி, இறுக்கம், தாடைக்கோ தோளுக்கோ பரவும் வலி, தலைச்சுற்றல் வந்தால் அதை வாயுப் பிடிப்பு என்று ஒதுக்கக் கூடாது. உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாடிப்படியில் தெரிந்தால் அது அதிர்ஷ்டம். பள்ளத்தின் அடியில் தெரிந்தால், தூக்கிக்கொண்டு ஏறுவதற்கு நாலு பேர் வேண்டும்.

காலுக்கு என்ன, பைக்கு என்ன?

பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவை அன்றைக்குத்தான் முதலில் போடுவது பலரும் செய்யும் தவறு. எட்டு வாரப் பயிற்சியும் அந்த ஷூவிலேயே நடக்கட்டும். அடிப்பகுதி வழுக்காத பட்டை உள்ளதாகவும், விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். இறக்கத்தில் விரல் போய் முன்னால் இடிக்கும். முந்தின நாள் நகத்தை வெட்டிவிட்டால் பாதி வலி குறையும்.

பள்ளத்துக்குள் இலையுதிர் காடு. கரையோரங்களில் நமக்கு நன்றாகத் தெரிந்த சீமைக் கருவேலமும் உண்டு. முள்ளுக்கும் வெயிலுக்கும் சேர்த்து முழுக்கை பருத்திச் சட்டை, முழுக்கால் உடை, அகலத் தொப்பி. புடவைதான் பழக்கம் என்கிறவர்கள் அன்று ஒருநாள் சுடிதாருக்கு மாறிக்கொள்வது பத்திரம்.

தண்ணீர்தான் முக்கியம். கீழே ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது, ஒரு வாய் குடிக்க முடியாது. உப்பும் காரமும் மிகுந்த நீர். 2020 ஜூனில் அது இளஞ்சிவப்பாக மாறி நாடெங்கும் செய்தியானது நினைவிருக்கலாம். உப்பை விரும்பும் நுண்ணுயிர்கள் பெருகியதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. எனவே ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர் மேலிருந்தே கொண்டுபோக வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், கால் மணிக்கு ஒருமுறை நாலு மடக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இதயம், சிறுநீரகச் சிக்கல் உள்ளவர்கள் இதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டுக்கு எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம், எலுமிச்சை சாதம் போதும். தின்பதைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்க வேண்டாம். அங்கே குரங்குகள் உண்டு.

கல் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் மூன்று பொருள்: பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு லென்ஸ், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு ரூபாய் நாணயம். நாணயத்தைக் கல்லின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால், கல்லின் அளவு பிறகு பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

சுத்தியல் மட்டும் வேண்டாம். லோனார் ஒரு வனவிலங்கு சரணாலயம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்த தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று. 2020 முதல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு கல் எடுத்தால், அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது வெறும் குழி.

அன்றைக்கு

விதர்பா வட்டாரத்தில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மழைக்காலத்தில் பாதை வழுக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஏரியின் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கரைப் பாதை நீரில் மூழ்குவதும் உண்டு. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று வனத்துறையிடமோ வழிகாட்டியிடமோ கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போகிறோமே என்று முதல் நாள் அஜந்தாவையும் எல்லோராவையும் சேர்த்துக்கொள்வது குடும்பப் பயணங்களில் வழக்கம். அங்கேயும் படிகள் அதிகம். லோனாரை முதலில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பிறகு பார்த்தால் கால் தப்பிக்கும்.

விடிந்ததும் இறங்கிவிட வேண்டும். இறங்க ஒரு மணி நேரம் ஆனால், ஏற இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். பாட்டிலில் பாதித் தண்ணீர் தீர்ந்தால், எங்கே நின்றாலும் அதுதான் திரும்பும் இடம். கிண்ணம் போன்ற பள்ளத்துக்குள் காற்று குறைவாக இருக்கலாம். செல்போன் சிக்னலை நம்பி இறங்கக் கூடாது. குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே எல்லோருக்கும் வேகம். அவர் வந்து சேர்ந்த பிறகு அவரும் ஓய்வெடுக்க வேண்டும். முன்னால் போனவர்கள் ஓய்வெடுத்துவிட்டு, அவர் வந்ததும் கிளம்பிவிடுவது அநியாயம்.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வந்தால் வெப்பக் களைப்பு. நிழலில் உட்காரவைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினால், ஆள் குழம்பினால், மயங்கினால், உடம்பு கொதித்தால் அது ஆபத்துக் கட்டம். உடம்பைக் குளிர்விக்கத் தொடங்கிக்கொண்டே 108-க்கு அழைக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இறங்காதவர்களுக்கும் இடம் உண்டு

அந்தக் கோவை வீட்டில் ஏழாவது வாரம் வந்தது. அப்பா 11 சுற்று முடித்தார். பன்னிரண்டாவதில் தொடை நடுங்கியது. மருத்துவரும் "பாதி தூரம் போய்ப் பாருங்க, முடியலைன்னா பிடிவாதம் வேண்டாம்" என்றிருந்தார். சாப்பாட்டு மேசையில் அன்று பேச்சே இல்லை. ஐம்பது வயதில், மகள் முன்னால், முடியாது என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை.

அம்மாயிதான் ஆரம்பித்தார். "எனக்கும் முழங்கால் ஒரு மாதிரியாத்தான் இருக்குதுங்க மாப்பிள்ளை. பேத்தியும் மகளும் கீழே போகட்டும். நாம மேல சுத்தி வரலாம். எனக்கும் துணைக்கு ஆள் வேணுமில்ல?"

அம்மாயியின் முழங்காலில் ஒன்றும் இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

உண்மையில் விளிம்பில் நிற்பவர்களுக்கு நஷ்டம் அதிகம் இல்லை. மேடான கரை, சாய்ந்த அடுக்குகள் எல்லாமே மேலேதான். முழுப் பள்ளத்தையும் ஒரே பார்வையில் பார்ப்பதும் மேலிருந்துதான் முடியும். விளிம்பைச் சுற்றினால் சுமார் 6 கி.மீ. வரும். அதிலும் முடிந்தவரை நடந்தால் போதும். ஊருக்குள் தைத்ய சூதனர் கோயில் இருக்கிறது. இந்தப் பள்ளத்தில் வாழ்ந்த அசுரனைத் திருமால் அழித்தார் என்பது உள்ளூர்க் கதை. வானிலிருந்து ஏதோ பெரிதாக இங்கே இறங்கியது என்பதில் புராணத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சண்டை இல்லை.

எட்டு வாரப் பயிற்சியால் அப்பா ஏரிக்கரைக்குப் போகாமல் போகலாம். ஆனால் அவருக்கு இப்போது தன் ஆழம் தெரியும். மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் தேடாமல் ஏறுகிறார். மகள் கீழிருந்து கையசைக்கும்போது பதிலுக்குக் கையசைக்க, மேலே மூச்சு வாங்காமல் நிற்கும் ஓர் அப்பா இருப்பார்.

பள்ளம் அங்கேயே இருக்கும். அடுத்த ஜனவரியும் வரும்.